இரத்தத்தில் உலவும் டிஎன்ஏ: மாதிரி கொடுக்கும் முன்னும் அறிக்கை வந்த பின்னும்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மருத்துவச் சீட்டுகளில் இப்போது இரண்டு பெயர்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. கருவுற்ற பெண்களுக்குக் கருவின் குரோமோசோம் குறைபாட்டைத் தேடும் ‘என்ஐபிடி’ என்றும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்குக் கட்டியின் மரபணு மாற்றத்தை இரத்தத்தில் தேடும் ‘லிக்விட் பயாப்ஸி’ என்றும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றினாலும் அடிப்படை ஒன்றுதான். உடலின் செல்கள் இறக்கும்போது அவற்றின் டிஎன்ஏ சிறு துணுக்குகளாக உடைந்து இரத்தத்திலும் சிறுநீர் முதலிய பிற நீர்களிலும் கலக்கிறது. அந்தத் துணுக்குகளைப் பிரித்தெடுத்துப் படிப்பதே இவ்விரு பரிசோதனைகளும் செய்யும் வேலை. அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, வாய்மொழி விளக்கம் இந்தியிலோ மராத்தியிலோ கிடைக்கிறது. தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருகிற பலர் பெரும் பணம் செலவிட்டு வாங்கிய அந்தத் தாள் சொல்வது என்ன, சொல்லாதது என்ன என்று தெரியாமலே வீடு திரும்புகிறார்கள். இத்தகைய மாதிரிகளைக் கையாளும் ஆய்வகப் பணியில் இருப்பவன் என்ற முறையில், ஊசி குத்தும் முன் கேட்க வேண்டியவற்றையும் முடிவைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன். மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று அல்ல. அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கான ஆயத்தம் மட்டுமே.

அளவு எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள்

இரத்தத்தில் செல்களுக்கு வெளியேயும் டிஎன்ஏ இருக்கிறது என்பதை மண்டெல், மெத்தே என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1948இலேயே கண்டறிந்தார்கள். ஆயினும் அது மருத்துவப் பரிசோதனையாக மாற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தாமதத்திற்கு முக்கியக் காரணம் அளவுதான். நலமாக இருக்கும் ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் (இரத்தத்திலிருந்து செல்களை நீக்கிய பின் எஞ்சும் நீரில்) பொதுவாக 1 முதல் 10 நானோகிராம் வரையே இந்த டிஎன்ஏ இருக்கும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதிலும் மிகப் பெரும்பகுதி அவருடைய சொந்த இரத்தச் செல்கள் இறந்து விட்டுச்சென்றது. புற்றுக்கட்டியிலிருந்தோ கருவுக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடியிலிருந்தோ வந்தது அதில் ஒரு பகுதிதான்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 10 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்தால் அதிலிருந்து ஏறக்குறைய 4 மில்லிலிட்டர் பிளாஸ்மா கிடைக்கும். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்று கொண்டால் மொத்தம் 20 நானோகிராம். ஒரு நானோகிராமில் மனித மரபுத் தொகுதியின் சுமார் 300 படிகள் அடங்கும். ஆகவே அந்தக் குழாயில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஏறக்குறைய 6,000 படிகள் இருக்கின்றன. கட்டியிலிருந்து வரும் பிறழ்வு, அதாவது மரபணுவில் ஏற்பட்ட மாற்றம், அவற்றில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தால் அதன் படிகள் 6 மட்டுமே. பத்தாயிரத்தில் ஒன்றாக இருந்தால் சராசரியாக ஒன்றுகூட இல்லை. குழாயிலேயே இல்லாத ஒன்றை உலகின் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற வழக்கம் இந்த இடத்தில் செல்லாது. இந்தக் கட்டுரையில் இனி வரும் அறிவுரைகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இந்தச் சிறு எண்ணிலிருந்து பிறப்பவையே.

இன்னொரு பண்பையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துணுக்குகள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை ஏறக்குறைய 166 எழுத்து இணைகள் நீளமே கொண்டவை. அவை இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதும் இல்லை. சில நிமிடங்கள் முதல் ஓரிரு மணி நேரத்திற்குள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன. பிரசவத்திற்குப் பின் தாயின் இரத்தத்திலிருந்து குழந்தையின் டிஎன்ஏ சில மணி நேரத்தில் மறைந்துவிடுவதை ஆங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோவின் குழு 1999இல் அளந்து காட்டியது. இதில் ஒரு நன்மையும் உண்டு. இன்று எடுத்த இரத்தம் இன்றைய நிலையையே காட்டுகிறது. சென்ற மாதத்தின் எச்சம் அதில் கலந்திருப்பதில்லை.

எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம்

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: “இந்தப் பரிசோதனையின் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் ஒரே பதில் கிடைத்தால் அந்தப் பரிசோதனைக்குச் செலவிடுவதைப் பற்றி மறுபடியும் யோசிப்பது நல்லது. கேள்வி தெளிவாக இல்லாத இடத்தில் எவ்வளவு நுட்பமான பரிசோதனையும் குழப்பத்தையே கொண்டுவருகிறது.

புற்றுநோயில் இந்தப் பரிசோதனைக்கு உறுதியான இடம் ஏற்பட்டுள்ள சூழ்நிலைகள் சில உண்டு. நுரையீரலின் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டு, ஊசி வழியே எடுத்த திசு மிகக் குறைவாக இருக்கும்போது, ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் பிறழ்வு உள்ளதா என்று இரத்தத்திலேயே பார்க்கலாம். இந்தியாவில் இவ்வகை நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்பிறழ்வு இருக்கிறது. இருப்பவர்களுக்கு ஊசி மருந்துக்குப் பதில் மாத்திரையே முதல் சிகிச்சையாக அமையலாம் என்பதால் இந்த விடைக்கு மதிப்பு மிகுதி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 ஜூனில் முதன்முதலாக அனுமதித்த இரத்தவழிப் பிறழ்வுப் பரிசோதனையும் இதற்கானதுதான். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகள் சில காலம் பலன் தந்துவிட்டு நின்றுபோகும்போது, பாதிப் பேருக்கு மேல் அதற்குக் காரணமாக இருக்கும் டி790எம் என்ற புதிய பிறழ்வைத் தேடுவதற்கும் இது உதவுகிறது. மறுபடியும் மார்பில் ஊசி குத்துவதைப் பலருக்குத் தவிர்க்க முடிகிறது.

மும்பைக்கென்று இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காசநோய் மிகுந்த நகரம் இது. நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிந்ததும், சளியில் கிருமி உறுதியாகும் முன்பே காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டு, மாதங்கள் கழிந்த பின் அது புற்றுநோய் என்று தெரியவரும் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். இரத்தவழிப் பரிசோதனை இதற்கு மருந்தாகாது. நிழல் என்ன என்பதைப் பயாப்ஸியில், அதாவது அந்த இடத்திலிருந்தே எடுத்த திசுவே சொல்ல வேண்டும். நுண்நோக்கியின் கீழ் புற்றுநோய் என்று உறுதியான பின்னரே இரத்தத்தில் பிறழ்வு தேடுவது பொருளுடையது. “பயாப்ஸி வேண்டாம், இரத்தத்திலேயே பார்த்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், முதல் நோயறிதலுக்கு அதை ஏற்காதீர்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் உடலில் நோய் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த பயன். ஆஸ்திரேலியாவில் நடந்து 2022இல் வெளியான டைனமிக் என்ற ஆய்வு, இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில் இரத்த டிஎன்ஏ முடிவைக் கொண்டு சிகிச்சையைத் தீர்மானித்தபோது கீமோதெரபி பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தார்கள் என்றும், இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தோரின் விகிதம் அதனால் குறைந்துவிடவில்லை என்றும் காட்டியது. நம்பிக்கையூட்டும் முடிவு, எனினும் எல்லாப் புற்றுநோய்களுக்கும் எல்லா நிலைகளுக்கும் இதை நீட்டிச் சொல்ல இயலாது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம், கொடையாளரின் டிஎன்ஏ இரத்தத்தில் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து உறுப்பு பாதிக்கப்படுவதை அறிவதும் இதே வழியில் வளர்ந்த பரிசோதனைதான்.

குழாய், நேரம், வெப்பம்

ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலான ஏமாற்றங்கள் கருவிக்குள் நிகழ்வதில்லை. இரத்தம் எடுத்த இடத்துக்கும் ஆய்வக வாசலுக்கும் இடையில் நிகழ்கின்றன. ஆகவே இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரத்தம் எடுத்த பிறகும் குழாயில் உள்ள வெள்ளணுக்கள் உயிரோடிருக்கின்றன. நேரம் ஆக ஆக அவை உடைந்து தம்முடைய டிஎன்ஏவை வெளியே கொட்டுகின்றன. கட்டியிலிருந்து வந்த ஆறு படிகள் ஆறாயிரத்தில் இருந்தால் கண்டுபிடிக்கலாம். வெள்ளணுக்கள் உடைந்து ஆறாயிரம் அறுபதாயிரமாகப் பெருகினால் அதே ஆறு படிகள் பார்வையிலிருந்து மறைந்துவிடும். எனவே வழக்கமான ஊதா மூடிக் குழாயில், அதாவது ஈடிடிஏ குழாயில் எடுத்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். மும்பையில் எடுக்கப்படும் மாதிரி பெங்களூருக்கோ தில்லிப் பக்கத்துக்கோ பயணமாவது உண்டு என்பதால் இது நடைமுறையில் இயலாது. அதற்காகவே வெள்ளணுக்கள் உடையாமல் காக்கும் வேதிப்பொருள் சேர்த்த தனிக் குழாய்கள் இருக்கின்றன. பெரிதும் பயன்படும் ஸ்ட்ரெக் குழாயில் 6 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் 14 நாள் வரை மாதிரி கெடாமல் இருக்கும்.

வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துபவர்கள், வருபவர் கொண்டுவந்திருக்கும் குழாயைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். ஊதா மூடி மட்டுமே இருந்தால், ஆய்வகம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குள் போய்ச் சேரும் என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் அன்று இரத்தம் கொடுக்க வேண்டாம். சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் உறையும்போதே வெள்ளணுக்களின் டிஎன்ஏ கலந்துவிடும். பச்சை மூடியில் உள்ள ஹெப்பாரின் என்ற உறைதல் தடுப்பு மருந்து, டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். இரண்டும் இதற்கு உதவாதவை. தனிக் குழாயைக் குறியிட்ட அளவு வரை முழுமையாக நிரப்ப வேண்டும். நிரப்பியதும் எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது.

நல்லெண்ணத்தில் செய்யப்படும் பிழை ஒன்று உண்டு. இரத்தம் கெட்டுவிடும் என்று அஞ்சிக் குழாயை ஐஸ் கட்டிக்கு நடுவே வைத்து அனுப்புகிறார்கள். முழு இரத்தம் உறைந்தால் செல்கள் வெடித்துவிடும்; தனிக் குழாயும் 6 டிகிரிக்குக் கீழே தன் வேலையைச் செய்வதில்லை. மறுபக்கம், மே மாத நண்பகலில் மூடிய காருக்குள்ளோ பைக்கின் பின்பெட்டியிலோ விட்டுவைத்தால் 37 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். மழைக்காலத்தில் வேறு சிக்கல்: தண்டவாளத்தில் தண்ணீர் நின்று லோக்கல் ரயில் ஓடாத நாளில் மாதிரி எங்கோ ஓரிடத்தில் காத்துக்கிடக்கும். அவசரம் இல்லாத பரிசோதனையைக் கனமழை எச்சரிக்கை விடப்பட்ட நாளில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே முறை. வெள்ளிக்கிழமை மாலையைவிட வாரத் தொடக்கம் நல்லது.

ஆய்வகத்தில் மாதிரியை இரண்டு முறை சுழற்றுவார்கள். முதல் முறை 1,600 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல் 1,600 மடங்கு) 10 நிமிடம் சுழற்றிச் செல்களைப் பிரித்துவிட்டு, மேலே தெளிந்த பிளாஸ்மாவை மட்டும் எடுத்து மறுபடியும் 16,000 ஜி விசையில் சுழற்றுவது வழக்கமான முறைகளுள் ஒன்று. இது உங்கள் கையில் இல்லை. ஆனால் ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா, குறிப்பாக இந்தப் பரிசோதனை அந்த அங்கீகாரத்தின் வரம்புக்குள் வருகிறதா என்று கேட்பது உங்கள் கையில் இருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் எல்லாவற்றுக்கும் அங்கீகாரம் பெற்றதாகாது. மாதிரி தேறாமல் போனால் மறுமுறை கட்டணமின்றிச் செய்வார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கொடுப்பவரின் உடல்நிலையும் கணக்கில் வரும். வெறும் வயிறு பொதுவாகத் தேவையில்லை. கடும் உடற்பயிற்சி சிறிது நேரத்துக்கு இரத்த டிஎன்ஏவைப் பல மடங்கு உயர்த்துகிறது. காய்ச்சலும் தொற்றும் அவ்வாறே. தாதர் நிலையத்தின் படிகளில் ஓடி ஏறிவந்த மூச்சோடு கையை நீட்டாமல் சற்று அமர்ந்து ஓய்ந்த பின் கொடுங்கள். காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லித் தள்ளிவையுங்கள். பிறழ்வு தேடும் பரிசோதனையைச் சிகிச்சை தொடங்கும் முன்போ, நோய் கூடுகிறது என்று தெரியும்போதோ செய்ய வேண்டும். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் நடுக்காலத்தில் கட்டி டிஎன்ஏவை விடுவது குறைந்துவிடுவதால், அப்போது வரும் ‘இல்லை’ என்ற முடிவுக்கு மதிப்புக் குறைவு. அறுவை சிகிச்சைக்குப் பின் காயம்பட்ட திசுக்களே நிறைய டிஎன்ஏவை விடுவதால், எஞ்சிய நோயைத் தேடும் பரிசோதனைக்கு ஏறக்குறைய நான்கு வாரம் காத்திருப்பது வழக்கம்.

இரத்தம் மட்டுமே மாதிரி அல்ல

நோய் இருக்கும் இடத்துக்கு அருகில் உள்ள நீரில் அந்த நோயின் டிஎன்ஏ செறிவாக இருக்கும். நுரையீரல் புற்றுநோயில் மார்பில் நீர் கோத்து, மூச்சுத் திணறலைக் குறைக்க அதை வடிப்பது அடிக்கடி நிகழ்கிறது. அந்த நீரின் செல்களைப் படிய வைத்துப் பரிசோதித்துவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரைக் கொட்டிவிடுவதே பல இடங்களில் வழக்கம். கொட்டப்படும் அந்தத் தெளிநீரில்தான் பிறழ்வு கொண்ட டிஎன்ஏ மிகுதியாகக் கிடைக்கிறது. ஈஜிஎஃப்ஆர் பிறழ்வை இரத்தத்தைவிடச் சிறப்பாக அது காட்டிய ஆய்வுகள் உண்டு. நீர் வடிக்கப் போகிறார்கள் என்றால், “மரபணுப் பரிசோதனைக்கு இதில் ஒரு பகுதியை எடுத்துவைக்க இயலுமா?” என்று முன்னதாகவே கேளுங்கள். பின்னர் கேட்பதில் பயன் இல்லை.

மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பின் காரணமாக மூளைக் கட்டியின் டிஎன்ஏ இரத்தத்தில் மிகக் குறைவாகவே வரும். முதுகுத் தண்டுவட நீரில் அதைவிட நன்கு தெரியும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குச் சிறுநீரே நேரடி மாதிரி. ஆனால் சிறுநீரில் டிஎன்ஏ விரைவில் சிதைந்துவிடுவதால் ஆய்வகம் தரும் காப்புப்பொருள் சேர்த்த குப்பியையே பயன்படுத்த வேண்டும். வீட்டில் உள்ள சுத்தமான பாட்டில் போதாது.

புற்றுநோய் அறிக்கையைப் படிக்கும்போது

அறிக்கையில் முதலில் தேட வேண்டியது மரபணுவின் பெயர் அல்ல. மாதிரி எடுத்த நாள், ஆய்வகத்தை அடைந்த நாள், பிரித்தெடுத்த டிஎன்ஏவின் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். இவை அறிக்கையிலேயே இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்; கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து, ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லை ‘இல்லை’ என்று படிக்காதீர்கள். கட்டி இரத்தத்தில் போதுமான டிஎன்ஏவை விடாமல் இருந்திருக்கலாம். விட்டது குழாயில் வராமல் போயிருக்கலாம். டி790எம் பிறழ்வு திசுவில் உறுதியானவர்களிலேயே பத்தில் ஏறக்குறைய ஏழு பேருக்குத்தான் பிளாஸ்மாவில் அது தென்படுகிறது. ஆகவே இரத்தத்தில் பிறழ்வு தெரிந்தால் அதை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கலாம், தெரியாவிட்டால் திசுவுக்குத் திரும்ப வேண்டும் என்பதே விதி. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ போகும்போது பழைய பயாப்ஸியின் ‘பிளாக்’ (மெழுகில் பதித்த திசு), ‘ஸ்லைடு’ (கண்ணாடித் தகட்டில் ஒட்டிய திசு) இரண்டையும் கையோடு எடுத்துச்செல்லச் சொல்வது இதனால்தான். திருநெல்வேலியிலோ சென்னையிலோ முதலில் பயாப்ஸி செய்திருந்தால், அங்குள்ள உறவினரிடம் சொல்லி அவற்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறழ்வுக்கு எதிரே ஒரு சதவீதம் இருக்கும். விஏஎஃப் என்று குறிக்கப்பட்டிருக்கும். படித்த படிகளில் எத்தனை சதவீதம் பிறழ்ந்திருந்தன என்பதே அதன் பொருள். இதை நோயின் அளவு என்று எடுத்துக்கொண்டு, 2 சதவீதம் என்றால் லேசானது, 20 சதவீதம் என்றால் முற்றியது என்று நினைத்துவிடுகிறார்கள். இருவரை ஒப்பிட இந்த எண் உதவாது. ஒருவரிடமே, ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் தொடர்ந்து அளக்கும்போது அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்குத்தான் பொருள் உண்டு. நடுவில் ஆய்வகத்தை மாற்றினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

இந்தச் சதவீதம் 50ஐ ஒட்டி இருந்து, மரபணு, மார்பக, சூலகப் புற்றுநோய்களோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 ஆக இருந்தால், அது கட்டியில் மட்டும் தோன்றிய மாற்றமாக இல்லாமல் பிறவியிலேயே வந்ததாக இருக்கக்கூடும். அப்போது வெள்ளணுக்களிலிருந்தோ எச்சிலிலிருந்தோ தனியே ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். உறுதியானால் அது நோயாளியோடு நிற்கும் செய்தி அல்ல. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது. பெண்ணின் கலியாணம் தடைபடும் என்று அஞ்சி இதை மறைப்பது நம்மிடையே நடக்கிறது. மறைப்பதால் அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே கண்காணிப்பு கிடைக்கும் வாய்ப்புத்தான் பறிபோகிறது. மரபியல் ஆலோசகரிடம் குடும்பமாகச் சென்று பேசுங்கள்.

வயதானவர்களின் அறிக்கையில் வேறொரு பொறி உண்டு. வயது ஏற ஏற எலும்பு மஜ்ஜையின் இரத்தத் தாய்ச்செல்கள் சிலவற்றில் பிறழ்வுகள் தோன்றிப் பெருகுகின்றன. டிஎன்எம்டி3ஏ, டெட்2 ஆகிய மரபணுக்களில் இது மிகுதி, சில சமயம் டிபி53இலும் வரும். இரத்த டிஎன்ஏவில் பெரும்பகுதி இரத்தச் செல்களிலிருந்தே வருவதால், இவை கட்டியின் பிறழ்வுகளைப் போலவே அறிக்கையில் காட்சி தரும். அதே குழாயின் வெள்ளணுக்களையும் சேர்த்துப் படித்து இவற்றைக் கழித்த பின் தரப்பட்ட அறிக்கையா என்று கேளுங்கள். கழிக்கவில்லை என்றால், இத்தகைய மரபணு ஒன்றை மட்டும் நம்பிச் சிகிச்சையை மாற்றும் முன் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள்.

கருவுற்றவர்களுக்கான பரிசோதனை

தாயின் பிளாஸ்மாவில் கருவின் டிஎன்ஏ இருப்பதை டென்னிஸ் லோவும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் வெளியிட்டார்கள். 2011 முதல் இது பரிசோதனையாக விற்பனைக்கு வந்தது. கருவின் டிஎன்ஏ என்று சொன்னாலும் உண்மையில் அது நஞ்சுக்கொடியின் செல்களிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியில் குரோமோசோம் மிகுதியாக இருந்து குழந்தையிடம் சரியாக இருப்பதும், அரிதாக அதற்கு நேர்மாறானதும் நிகழக்கூடியவை. எனவே இது வாய்ப்பைச் சொல்லும் பரிசோதனையே தவிர நோயை உறுதிசெய்வது அல்ல.

பத்து வாரம் முடிந்த பின் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கருவின் பங்கு போதுமான அளவில் இருப்பதில்லை. பத்து முதல் இருபது வாரத்துக்குள் அது சராசரியாகப் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். நான்கு சதவீதத்துக்குக் குறைந்தால் பல முறைகளில் முடிவு சொல்ல இயலாது. தாயின் உடல் எடை கூடக் கூட இப்பங்கு குறைகிறது என்பதால் சிலருக்கு மறுமுறை இரத்தம் கேட்பார்கள். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. இரட்டைக் கருவில் ஒன்று தொடக்கத்திலேயே கரைந்திருந்தாலும், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலும், உறுப்பு மாற்று நடந்திருந்தாலும், ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும், கொடைக் கருமுட்டை மூலம் கருவுற்றிருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் குறைபாட்டை இப்பரிசோதனை நூற்றுக்கு 99க்கு மேல் கண்டுபிடிக்கிறது. நலமான கருவைத் தவறாகக் குறை சொல்வது பத்தாயிரத்தில் ஏறக்குறைய நான்கு முறை மட்டுமே. அப்படியானால் ‘ஆம்’ என்று வந்த அனைவருக்கும் உறுதிதானே என்று தோன்றும். ஒரு லட்சம் பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவருடைய கருவில் இக்குறைபாடு இருப்பதாகக் கொள்வோம். குறைபாடு உள்ள அந்த நூறு பேரில் ஏறக்குறைய அனைவருக்கும் ‘ஆம்’ என்று வரும். குறையில்லாத மீதிப் பேரில் நாற்பது பேருக்கும் ‘ஆம்’ என்று வரும். அதாவது ‘ஆம்’ என்று வந்த 140 பேரில் 40 பேரின் குழந்தைகள் நலமானவர்கள். நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு ஆபத்துள்ள நாற்பது வயதுத் தாய்மாரிடம் இந்தத் தவறு நூற்றுக்கு நான்கு என்ற அளவில் குறைந்துவிடும். ஆகவே, என்ஐபிடி முடிவை மட்டும் கொண்டு ஒருபோதும் கருக்கலைப்பு முடிவை எடுக்காதீர்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனையாலோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர்ப் பரிசோதனையாலோ உறுதிப்படுத்த வேண்டும். நஞ்சுக்கொடியும் இரத்த டிஎன்ஏவும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்பதால், ஐயம் இருக்கும்போது பனிக்குட நீரே மேலானது.

நம்மவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியது ஒன்று. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணமுடித்தவர்கள், ‘என்ஐபிடி நார்மல்’ என்ற வரியைக் கண்டு, சொந்தத்தில் மணந்ததால் வரக்கூடிய குறைகளும் இல்லை என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். வழக்கமான என்ஐபிடி குரோமோசோம்களின் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. சொந்தத் திருமணத்தில் கூடுதலாக வரக்கூடியவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான படியைப் பெறுவதால் வரும் நோய்கள். அவற்றை இது பார்ப்பதே இல்லை. பரம்பரை இரத்தசோகை நோயான தலசீமியாவுக்கு இருவரும் ஹெச்பிஏ2 என்ற இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் ஏற்கனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால் கருவுறும் முன்பே மரபியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனையும், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனையும் என்ஐபிடி செய்ததற்காக விட்டுவிடவும் கூடாது.

கருவின் பாலினத்தைக் கேட்காதீர்கள். யாராவது சொல்ல முன்வந்தாலும் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி (பிசிபிஎன்டிடி) பாலினம் சொல்வதும் சொல்லக் கேட்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஆய்வகமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோய் ஏதும் இல்லாதவர்களுக்கு

ஒரே இரத்த மாதிரியில் பல புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பரிசோதனைகளை இப்போது உடல் பரிசோதனைப் பொதியோடு சேர்த்து விற்கிறார்கள். தொடக்க நிலைக் கட்டி மிகச் சிறியது; அது விடும் டிஎன்ஏவும் அதற்கேற்பக் குறைவு. மேலே போட்ட கணக்கின்படி, எந்த நிலையில் கண்டுபிடித்தால் மிகுந்த பயன் உண்டோ அந்த நிலையில்தான் இப்பரிசோதனை மிகவும் திணறுகிறது. விதிவிலக்குகள் உண்டு. மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸின் டிஎன்ஏவை இரத்தத்தில் தேடி, ஆங்காங்கில் 20,174 ஆண்களிடம் 34 பேரின் நோயைக் கண்டறிந்த ஆய்வு 2017இல் வெளியானது. கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் தொடக்க நிலையில் இருந்தார்கள். ஆனால் அது அந்த ஒரு நோய்க்கும் அந்நோய் மிகுந்த மக்களுக்கும் பொருந்திய முடிவு.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களிடம் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிக் கண்ணால் பார்த்தே கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை 31 சதவீதம் குறைத்தார்கள். அந்த முடிவு 2014இல் அச்சாயிற்று. அத்தகைய சான்று எந்த இரத்த டிஎன்ஏ பொதிக்கும் இன்னும் இல்லை. முப்பது வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே அரசுத் திட்டத்தின் பரிந்துரை. புகையிலையோ பான் மசாலாவோ போடுபவர் வீட்டில் இருந்தால் அவருடைய வாயை முதலில் காட்டுங்கள். இவை முடிந்த பிறகும் பொதியை வாங்க விரும்பினால், ‘ஆம்’ என்று வந்தால் கட்டி எங்கே என்று தேடும் ஸ்கேன்களுக்கும் எண்டோஸ்கோபிக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது, அந்தத் தேடலை எந்த மருத்துவர் நடத்துவார் என்ற இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பின் பணம் கட்டுங்கள்.